சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமாக்கலாமா? கலந்து கிடக்கும் இரண்டு கேள்விகள்

"சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டால் உயிரிழப்பு குறையும்தானே? அப்புறம் ஏன் ஊரே சைக்கிளில் போகும் நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் அந்தச் சட்டம் இல்லை?" என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே விழும் ஒருவரின் தலையை ஹெல்மெட் காப்பாற்றுமா என்பது ஒன்று. போடாவிட்டால் அபராதம் என்று சட்டம் கொண்டுவந்தால் நாட்டின் மொத்த விபத்துக் கணக்கு இறங்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் 'ஆம்', அதில் பெரிய சந்தேகமில்லை. இரண்டாவதில் முப்பது வருடமாக ஆய்வாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் கலந்துவிடுவதால்தான் ஒரு தரப்பு 'ஹெல்மெட்டே வீண்' என்கிறது, மறுதரப்பு 'ஹெல்மெட் போட்டால் போதும்' என்கிறது.

முதலில் ஹெல்மெட். உள்ளே இருப்பது டிவி பெட்டிக்குள் வைத்து அனுப்பும் அதே தெர்மாகோல்தான், அடர்த்தி கொஞ்சம் கூடுதல். மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. பார்ப்பதற்கு ஓடுதான் காப்பதுபோல் தெரியும். உண்மையில் வேலை செய்வது தெர்மாகோல். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் வந்து மோதும்போது அதன் வேகம் நொடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்கு 19.5 கி.மீ. வெறும் தலையாக இருந்தால் தோலும் சதையும் நசுங்கும் நாலைந்து மில்லிமீட்டருக்குள் அந்த வேகம் முழுவதும் பூஜ்யமாக வேண்டும். கணக்குப் போட்டால் வேகம் குறையும் வீதம் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 300 மடங்குக்கும் மேல் வரும். தெர்மாகோல் 20 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அதே மோதலில் சராசரி 75 மடங்காக இறங்கிவிடும். நிற்பதற்குக் கூடுதலாக ஒன்றரை சென்டிமீட்டர் தூரம் கிடைக்கிறது. ஹெல்மெட்டின் சூட்சுமம் அவ்வளவுதான்.

தரச்சான்றுகளும் இந்த அளவை ஒட்டியே இருக்கின்றன. ஐரோப்பாவின் இ.என். 1078 சோதனையில், உள்ளே பொம்மைத் தலை வைத்த ஹெல்மெட்டைத் தட்டையான இரும்புக் கட்டை மீது நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்திலும், நடைபாதை விளிம்பு போன்ற கூரான கட்டை மீது 4.57 மீட்டர் வேகத்திலும் விழவைப்பார்கள். உச்ச முடுக்கம் 250 ஜி-யை, அதாவது புவியீர்ப்பைப்போல் 250 மடங்கை, தாண்டக் கூடாது. அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. தரத்தில் தட்டையான கட்டைக்கு விழும் உயரம் 2 மீட்டர், வரம்பு 300 ஜி. மணிக்கு 45 கி.மீ. வரை போகும் மின்சைக்கிள்களுக்காக நெதர்லாந்து என்.டி.ஏ. 8776 என்று தனித் தரமே வைத்திருக்கிறது. அதில் வேகம் 6.5 மீட்டர். வாங்கும்போது ஹெல்மெட்டின் உட்புறத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சான்று எதுவும் இல்லாத ஹெல்மெட்டை, விலை என்னவானாலும், தொப்பி என்றே கணக்கில் வைக்க வேண்டும்.

இங்கே அடிக்கடி எழும் ஒரு வாதம்: "20 கி.மீ. வேகத்துக்குத்தானே சோதிக்கிறார்கள், நான் 30-ல் ஓட்டுகிறேன், எனக்கு எதற்கு?" இது தவறு. தரையில் விழும்போது மண்டையை நசுக்குவது தரையை நோக்கிய செங்குத்து வேகம். அது தலை இருக்கும் உயரத்தைப் பொறுத்தது. நீங்கள் 10-ல் ஓட்டினாலும் 30-ல் ஓட்டினாலும் ஏறக்குறைய அதேதான். முன்னோக்கிய வேகம் வேறு வழியில் வேலையைக் காட்டும். தலை தரையில் பட்டவுடன் தோலும் மண்டையோடும் ஒரு பக்கம் இழுபட, உள்ளே மூளை சுழன்று முறுகும். இந்தச் சுழற்சியைத் தணிக்கத்தான் ஸ்வீடனில் உருவான மிப்ஸ் போன்ற வழுக்கு அடுக்குகள் வந்தன. ஹெல்மெட்டுக்கும் தலைக்கும் நடுவே ஒரு மெல்லிய உறை 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை எந்தத் திசையிலும் நகர்ந்து கொடுக்கும். மேலே சொன்ன இ.என். 1078, சி.பி.எஸ்.சி. சோதனைகள் நேரடியான அடியை அளப்பவை; சுழற்சியை அளப்பவை அல்ல. அமெரிக்காவின் விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சாய்வான மோதலையும் சேர்த்துச் சோதித்து சைக்கிள் ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திர மதிப்பீடு வெளியிடுகிறது. விலை உயர்ந்ததெல்லாம் மேலே இருக்கும் என்று எண்ணி அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஆனால் 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் நேராக இடித்தால்? அந்த மோதலுக்காக இந்தச் சோதனைகள் வகுக்கப்படவில்லை. அப்போதும் தரையில் விழும் இரண்டாவது அடியில் ஹெல்மெட் உதவலாம். ஆனால் நெஞ்சுக்கூடு, இடுப்பெலும்பு, கழுத்து இவற்றுக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை.

மருத்துவமனைக் கணக்குகள் என்ன சொல்கின்றன? 1989-ல் சியாட்டிலில் நடந்த ஆய்வு, தலைக்காயம் 85 சதவீதம் குறைகிறது என்றது. உலகம் முழுக்க ஹெல்மெட் பிரசாரம் இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பல வருடம் ஓடியது. பின்னால் வந்த ஆய்வுகளில் எண்கள் இறங்கின. 40 ஆய்வுகளை, அறுபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களின் கணக்கை, ஒன்றுசேர்த்து 2016-ல் வெளியான தொகுப்பாய்வின்படி தலைக்காய வாய்ப்பு 51 சதவீதம், கடுமையான தலைக்காயம் 69 சதவீதம், உயிரைப் பறிக்கும் தலைக்காயம் 65 சதவீதம், முகக்காயம் 33 சதவீதம் குறைகின்றன. கழுத்துக்காயத்தில் மாற்றமில்லை. ஹெல்மெட் போடுபவர் இயல்பிலேயே நிதானமாக ஓட்டுபவராக, குடித்துவிட்டு ஓட்டாதவராக இருக்கக்கூடும். அந்தக் குணமும் இந்த எண்களுக்குள் கலந்திருக்கும். அதைக் கழித்துப் பார்த்தாலும் மீதி இருப்பது சின்னப் பலன் அல்ல.

இனி சட்டம். எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று முதலில் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலை 1-ல். இரண்டு வருடத்துக்குள் அந்த நாடு முழுக்கப் பரவியது. நியூசிலாந்து 1994 ஜனவரி 1-ல் பின்தொடர்ந்தது. ஹெல்மெட் போடுபவர்களின் விகிதம் மளமளவென்று ஏறியது, தலைக்காயமும் குறைந்தது. ஆனால் தெருவில் சைக்கிள்களின் எண்ணிக்கையும் குறைந்தது, குறிப்பாகப் பதின்வயதுப் பிள்ளைகளிடம். சண்டை இங்கேதான் தொடங்குகிறது. சைக்கிளே ஓட்டாதவருக்குச் சைக்கிள் விபத்தில் தலைக்காயம் வராது. குறைந்தது ஹெல்மெட்டாலா, ஓட்டுபவர்கள் குறைந்ததாலா?

இதைப் பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு: கை கால் காயங்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது. ஓட்டுபவர்கள் குறைந்தால் தலையும் கையும் ஒரே அளவில் குறைய வேண்டும். ஹெல்மெட்டால் என்றால் தலைக்காயம் மட்டும் கூடுதலாக இறங்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தரவை இப்படிப் பார்த்த 2011 ஆய்வு, கைக்காயங்களோடு ஒப்பிடத் தலைக்காயங்கள் 29 சதவீதம் இறங்கின என்றது. 2013-ல் கனடா முழுக்க எடுத்த ஆய்வு வேறுமாதிரி முடிந்தது. சட்டம் உள்ள மாகாணங்களில் தலைக்காயத்தோடு மருத்துவமனையில் சேரும் சிறுவர்களின் விகிதம் 54 சதவீதம் குறைந்திருந்தது, சட்டமில்லாத இடங்களில் 33 சதவீதம். வித்தியாசம் கண்ணில் படுகிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. அந்தப் பழைய போக்கைக் கழித்தால் சட்டத்தின் தனிப்பங்கு மிகச் சிறிதாகத் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இரண்டு ஆய்வும் ஒழுங்காகச் செய்யப்பட்டவைதான். வேகக் கட்டுப்பாடும் மதுச் சோதனையும் சாலைத் திருத்தங்களும் ஒரே சமயத்தில் நடக்கும் காலத்தில், ஒரு சட்டத்தின் பங்கை மட்டும் உருவி எடுப்பது அவ்வளவு கடினம்.

வாடகை சைக்கிள் திட்டங்களில் சட்டத்தின் விளைவு இன்னும் நேராகத் தெரிந்தது. அங்கே ஓட்டுபவர் திட்டமிட்டு வருவதில்லை. பேருந்தைத் தவறவிட்டவர், மழை விட்டதும் கிளம்பியவர். கையில் ஹெல்மெட் இருக்காது. மெல்பர்னில் 2010-ல் தொடங்கிய திட்டம் கடைகளில் மலிவு விலை ஹெல்மெட், சைக்கிளிலேயே மாட்டிவைத்த இலவச ஹெல்மெட் என்று எல்லாம் செய்துபார்த்துவிட்டு 2019-ல் மூடப்பட்டது. ஹெல்மெட் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரிய காரணங்களில் ஒன்று. மெக்சிகோ நகரம் தன் திட்டத்தைத் தொடங்கிய 2010-லேயே ஹெல்மெட் கட்டாயத்தை நீக்கிவிட்டது. 2007-ல் சட்டம் போட்ட இஸ்ரேல் 2011-ல் நகர்ப்புறத்தில் பெரியவர்களுக்கு விலக்குக் கொடுத்தது.

அபராதம் யார் மீது விழுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் 2016 மார்ச்சில் ஹெல்மெட் அபராதத்தை 71 டாலரிலிருந்து ஒரே தாவலாக 319 டாலர் ஆக்கியது. அமெரிக்காவில் சியாட்டில் உள்ளிட்ட கிங் கவுன்டி, 2022-ல் தன் சட்டத்தை ரத்து செய்தது. ஹெல்மெட் வேண்டாம் என்பதற்காக அல்ல. வீடற்றவர்களும் கறுப்பினத்தவர்களும்தான் அளவுக்கு மீறி அபராதச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக. சட்டப் புத்தகத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது தெருமுனையில் அப்படி இருப்பதில்லை.

நடுவழி எடுத்த நாடுகளும் பல. ஸ்வீடனில் 2005 முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டாயம். பிரான்ஸில் 2017 மார்ச் முதல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு. அபராதம் உடன்வரும் பெரியவருக்கு. ஸ்பெயினில் நகருக்கு வெளியே எல்லோருக்கும், நகருக்குள் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு. ஜப்பான் 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் போட 'முயல வேண்டும்' என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, தண்டனை கிடையாது. குழந்தைகளுக்கும் பந்தயங்களுக்கும் வேகமான மின்சைக்கிள்களுக்கும் கட்டாயம், மற்றப் பெரியவர்களுக்குப் பரிந்துரை: இருக்கிற சான்றுகளை வைத்துப் பார்த்தால் இதுவே நியாயமான எல்லை என்பது என் கணிப்பு.

சட்டமே இல்லாத இடத்திலும் ஹெல்மெட் நீதிமன்றத்துக்குள் வந்துவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஜெர்மனியில் 2011-ல் நிறுத்தியிருந்த காரின் கதவைச் சட்டென்று திறக்க, அதில் மோதி விழுந்த சைக்கிள்காரப் பெண்ணுக்குத் தலையில் பலத்த காயம். ஹெல்மெட் போடவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீட்டில் 20 சதவீதத்தைக் கழித்தது. 2014 ஜூனில் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து முழு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எல்லா நாட்டிலும் இப்படி முடியும் என்று நம்பிவிட வேண்டாம். கட்டாயச் சட்டம் வந்துவிட்டால், தவறே செய்யாத சைக்கிள்காரரின் இழப்பீட்டை வெட்ட எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அது நல்ல கத்தி.

இப்போது நெதர்லாந்துக்கு வருவோம். அங்கே 1971-ல் சாலையில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன் பிறகு அரசு கைவைத்தது தலைகளில் அல்ல, சாலைகளில்: வேகமான சாலைகளில் சைக்கிளுக்குத் தனித்தடம், குடியிருப்புத் தெருக்களில் வேகக் குறைப்பு, சந்திப்புகளின் மறுவடிவமைப்பு. சைக்கிள்காரரும் காரும் மோதுவதற்கான வாய்ப்பையே குறைத்தார்கள்.

வேகத்தின் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி, உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் என்று வைத்துக்கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் கார் 8.3 மீட்டர் ஓடும், பிறகு 5 மீட்டரில் நிற்கும். மொத்தம் 13.3 மீட்டர். 50 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடிக்குள்ளேயே 13.9 மீட்டர் போய்விடும். நிற்க இன்னொரு 13.8 மீட்டர். அதாவது 30-ல் வந்த கார் முழுமையாக நின்றுவிட்ட இடத்தில், 50-ல் வந்த கார் இன்னும் பிரேக்கே பிடிக்கத் தொடங்கவில்லை. ஒன்று தொடாமல் நிற்கிறது, மற்றது முழு 50-ல் இடிக்கிறது. அந்த இடியின் ஆற்றல் 30 கி.மீ. இடியைப்போல் 2.8 மடங்கு. எந்தத் தெர்மாகோலும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது.

அடுத்து லாரி. சந்திப்பில் சைக்கிள் சாலையோரத்தில் நிற்கிறது, பக்கத்தில் லாரி. பச்சை விழுந்ததும் லாரி அந்த ஓரத்துப் பக்கமே திரும்புகிறது. நீண்ட வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டி வரும். முன்பக்கம் உங்களைக் கடந்துவிட்டதே என்று நினைக்கும்போது பின்சக்கரம் உங்கள் மேல் ஏறும். கேபினின் உயரத்தால் ஓட்டுநருக்கு நீங்கள் தெரிவதே இல்லை. லண்டன் நகரம் 2021 மார்ச் முதல் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, கேபினிலிருந்து எவ்வளவு தெரிகிறது என்ற நட்சத்திர அளவை வைத்தே அனுமதி கொடுக்கிறது. ஓட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்றே: சிக்னலில் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழையாதீர்கள். பின்னால் நில்லுங்கள், அல்லது ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியும் அளவுக்கு நன்றாக முன்னால் போய் நில்லுங்கள். முகம் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். அதற்கும் அப்பால் ஓட்டுங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். கதவில் மோதுவதைவிட மோசம், கதவைத் தவிர்க்கச் சட்டென்று ஒடித்துப் பின்னால் வரும் வண்டியின் முன் விழுவது. காரில் இருப்பவர்கள், கதவுக்குத் தூரமாக இருக்கும் கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பிப் பின்னால் பார்த்துவிடும். டச்சு ஓட்டுநர்களின் பழக்கம் என்று பேர்பெற்ற முறை இது.

முந்திச் செல்லும் இடைவெளி பற்றி ஒரு பக்கக் கதை. ஹெல்மெட் போட்ட சைக்கிள்காரரை ஓட்டுநர்கள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருக்கமாகக் கடக்கிறார்கள் என்று 2007-ல் ஓர் ஆங்கிலேய ஆய்வு சொன்னது. அதே தரவை 2013-ல் திரும்ப அலசியவர்கள், ஆபத்தான நெருக்கத்தில் கடப்பதற்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். எனவே 'ஹெல்மெட் போட்டால் இடிப்பார்கள்' என்று இதைச் சாக்காகக் காட்டுவதில் அர்த்தமில்லை. சட்டம் கைவைக்க வேண்டியது அந்த இடைவெளியில்தான். ஜெர்மனி 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் விடச் சொல்கிறது.

கண்ணில் படுவதற்கு விளக்கு. டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் 3,845 பேரை வைத்துச் செய்த சோதனையில், பகலிலும் அணையாமல் எரியும் விளக்கு பொருத்தியவர்களுக்கு விபத்து 19 சதவீதம் குறைவு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பிரதிபலிப்புப் பட்டையை முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலில் கட்டுவது நல்லது. மேலும் கீழும் ஆடும் ஒளியை மனிதக் கால் என்று கண் உடனே புரிந்துகொள்ளும்.

ஹெல்மெட் வாங்கியவர்களில் பலர் அதை மாட்டும் விதத்தில் கோட்டை விடுகிறார்கள். புருவத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே நாடாவால் தலைச்சுற்றளவு எடுத்து அதற்கேற்ற அளவு வாங்குங்கள். தலையில் வைத்துப் பின்பக்கத் திருகை இறுக்கி, வாரை மாட்டாமலே தலையை ஆட்டினால் ஹெல்மெட் கூடவே வர வேண்டும். விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பக்கவாட்டு வார்கள் இரண்டும் காது மடலுக்குச் சற்றுக் கீழே கூட வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். பெரிதாகக் கொட்டாவி விட்டுப் பாருங்கள். ஹெல்மெட் உச்சந்தலையைக் கீழே அழுத்தினால் இறுக்கம் சரி. காற்று வரட்டும் என்று பின்னால் சரித்துவைத்தால் நெற்றி முழுக்கத் திறந்துகிடக்கும், விழும்போது முதலில் படக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. உள்ளே தடிமனான தொப்பி, கொண்டை, கிளிப் எதுவும் கூடாது. பெட்ரோல், தின்னர், ஸ்ப்ரே பெயின்ட் தெர்மாகோலைக் கரைத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். மூடிய காருக்குள் வெயிலில் விடாதீர்கள். குழந்தை சைக்கிளை விட்டு இறங்கிச் சறுக்குமரம் ஏறப்போனால் ஹெல்மெட்டை முதலில் கழற்றுங்கள். கம்பிகளுக்கு நடுவே ஹெல்மெட் சிக்கி, வார் கழுத்தை நெரித்து இறந்த குழந்தைகள் உண்டு.

ஒருமுறை பலமாக மோதிய ஹெல்மெட்டின் வேலை முடிந்தது. ஓடு பளபளப்பாகவே இருக்கும், ஆனால் உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். நசுங்கியது முழுதாகத் திரும்ப எழும்பாது. அதே இடத்தில் இன்னோர் அடி பட்டால் அந்த ஒன்றரை சென்டிமீட்டர் உங்களுக்குக் கிடைக்காது. மோதியவர் எழுந்து நடந்தாலும் முதல் ஒருநாள் யாராவது கூடவே இருக்கட்டும். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், கேட்டதையே மறுபடி கேட்பது, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.